சோம் போரில் இறந்த லெப்டினன்டின் பதக்கங்கள் என்று வாங்கி ஏமாந்தேன்

முதல் உலகப்போர் பதக்கம் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் இங்கிலாந்தில் ஒரு பதக்கச் சந்தையில் 1,400 பவுண்டு கொடுத்து ஏமாந்து வந்தேன்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் வீரத்துக்காக அதிகாரிகளுக்குக் கொடுக்கும் மிலிட்டரி கிராஸ், போரில் பணியாற்றியதற்கான பிரிட்டிஷ் வார் மெடல், விக்டரி மெடல், மாண்டவர் குடும்பத்துக்கு அரசு அனுப்பிய வெண்கல நினைவுத் தகடு. கூடவே இரண்டு பக்க வாழ்க்கைக் குறிப்பு: 22 வயது லெப்டினன்ட், 1916 ஜூலை 1, பிரான்ஸில் நடந்த சோம் போரின் முதல் நாளிலேயே பலி. அந்த ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் செத்தார்கள். அதைப் படித்த கையோடு பணத்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. வார் மெடலின் விளிம்பில் பெயரை அச்சுக் குத்திப் பதித்திருக்க வேண்டும். இதில் கையால் செதுக்கியிருந்தது. விட்டம் 36 மில்லிமீட்டர் வரவேண்டும், அளந்தால் குறைகிறது. வேறொருவர் பெயரை அராவி எடுத்துவிட்டு இவர் பெயரை வெட்டியிருக்கிறார்கள். மிலிட்டரி கிராஸை அந்தப் போரில் பெயர் பொறிக்காமலேதான் கொடுத்தார்கள், அதனால் தனியாக ஒன்றை வாங்கிச் சேர்ப்பது சுலபம். இப்படிப்பட்ட விருதுகளை அறிவிக்கும் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஸட்டைப் புரட்டினேன். அவருக்கு அந்த விருது அறிவிக்கப்படவே இல்லை.

ஆனால் அந்த லெப்டினன்ட் பொய்யில்லை. பிரான்ஸிலுள்ள தியெப்வால் நினைவுச்சின்னத்தில், உடல் கிடைக்காத 72,000-க்கும் மேற்பட்டவர்களோடு அவர் பெயரும் இருக்கிறது. உயிரையே கொடுத்த பையனுக்குப் பொய் விருது ஒன்றை மாட்டி விற்றிருக்கிறார்களே என்று ஆறவே இல்லை.

தகடு மட்டும் அசல். ஆனால் யாருடையது? அதிகாரி, சிப்பாய் என்ற பேதம் கூடாதென்று அதில் பதவி போடாமல் பெயரை மட்டும் வார்த்தார்கள். லெப்டினன்டுக்குக் குடும்பப் பெயருக்கு முன்னால் இரண்டு பெயர்கள், தகட்டில் ஒன்றுதான். போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவில் தகட்டிலுள்ள அதே பெயரில் ஒன்பது பேர், எல்லாரும் சாதாரணச் சிப்பாய்கள். எந்தத் தாயின் வீட்டுச் சுவரில் தொங்கியதோ!

விற்றவரிடம் கேட்டதற்கு, "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று முடித்துவிட்டார். ரசீதில் வெறும் "பதக்கத் தொகுப்பு" என்றிருக்கிறது. நீங்கள் வாங்கினால் வீரர் பெயரையும் "அசல், பெயர் மாற்றப்படாதது" என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். கெஸட்டையும், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் வீரருக்கு உரிய பதக்கங்களைக் குறித்து வைத்திருக்கும் பதக்க அட்டையையும் முதலிலேயே பாருங்கள்.

அந்த ஒன்பது பேரில் நான்கு பேரின் ஊர்களுக்கு எழுதியிருக்கிறேன். உரிய குடும்பம் கிடைத்தால் தகட்டைக் கொடுத்துவிடுவேன்.