430 பவுண்டு, ஒரு தெர்மோஸ்டாட், வெந்துபோன பாம்பு: பாம்பு வளர்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயந்திரம், பாம்புப் பெட்டி வாங்கிய கடையிலிருந்து திரும்பியதிலிருந்து கை நடுக்கம் நிற்கவில்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 430 பவுண்டு போனது. அதைவிட, போன பிறகு அவர்கள் பேசிய பேச்சுதான் தூங்கவிடவில்லை.

நாங்கள் இருப்பது தெற்கு லண்டன். மகளின் தோழி குடும்பம் வெளிநாட்டுக்கு மாறிப் போனபோது அவர்களுடைய ராயல் பைதானை, ஒரு வகை மலைப்பாம்பை, எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான்கு வயது, மேற்கு ஆப்பிரிக்க இனம். பயந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடும், அமெரிக்காவில் இதற்கு 'பால்' (ball, அதாவது பந்து) பைதான் என்றே பெயர். மகள் வைத்த பெயர் முறுக்கு. திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் போனிலேயே ஒரு பாட்டம்: "புத்துக்குப் பால் ஊத்துற குடும்பத்துல பொறந்துட்டு பாம்பைப் பெட்டியில போட்டு அடைக்கியேடீ!" (ஊரில் இருப்பவர்களுக்கு: நம் ஊர்ப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இது அந்தப் பாம்பு இல்லை. பிரிட்டனில் இதற்கு லைசென்ஸும் வேண்டாம்.)

பாம்பு வந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். ஜனவரிக் குளிர். நல்ல பெட்டி வாங்கவேண்டும் என்று தேடி, ஊருக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டைக்குள் இருக்கும் ஊர்வன விற்கும் கடைக்குப் போனோம். பெயர் சொல்லப்போவதில்லை, வக்கீல் கடிதம் வாங்க இப்போது தெம்பில்லை.

இங்கேதான் நான் விழுந்தேன். கவுண்டரில் இருந்த பையன் நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டுத் தமிழில் பேச ஆரம்பித்தான். யாழ்ப்பாணத் தமிழ். பல்லிக்கும் ஆமைக்கும் நடுவில் தமிழைக் கேட்டதும் எனக்கு மூளை பாதி உருகிவிட்டது. "அக்கா, ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ. என்ர பாம்புக்கும் இதே செட்தான். பிளக்கைக் குத்தினாச் சரி, மிச்சத்தை அது பாத்துக்கொள்ளும்" என்றான். தன் கையிலிருந்த ஒரு சின்னப் பாம்பை மகளின் கையில் மெதுவாகச் சுற்றிவிட்டான். அவள் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் நான் எதையும் விசாரிக்கவில்லை.

செட் என்றால் நாலடி மரப்பெட்டி, முன்பக்கம் கண்ணாடி. உள்ளே கூரையில் 150 வாட் செராமிக் ஹீட்டர், சூடு அளவைத் தாண்டாமல் ஹீட்டரை நிறுத்தும் ஒரு தெர்மோஸ்டாட், புற ஊதாக் கதிருக்கு யூவி டியூப், ராத்திரிக்கென்று ஒரு சிவப்பு பல்பு, சுவரில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டர். எல்லாவற்றையும் அவனே மாட்டித் தந்தான். விலை 450. கார்டு எடுத்தேன். உள்ளேயிருந்து வந்த முதலாளி, வெள்ளைக்காரர், மெஷின் சரியில்லை, பேங்க் டிரான்ஸ்ஃபர் என்றால் 20 பவுண்டு குறைத்துக்கொள்கிறேன் என்றார். 20 பவுண்டு மிச்சம் என்று சந்தோஷமாக அனுப்பினேன். 430. ரசீதில் "பாம்புப் பெட்டி செட் – 430" என்று ஒரே வரி. எந்தப் பொருள், எந்த மாடல், ஒன்றும் கிடையாது. அதையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் வாரம் முறுக்கு எப்போது பார்த்தாலும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள்ளேயே கிடந்தது. குளிக்கப் பிடிக்கிறது போல என்று சிரித்து வீடியோவெல்லாம் எடுத்தோம். உறைய வைத்த எலியை வெந்நீரில் இளக்கிக் கொடுத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்குப் போன் செய்தேன். "ராயல் பைதான் அப்பிடித்தான் அக்கா, மாசக்கணக்கில சாப்பிடாமலும் இருக்கும்." அது உண்மைதான், இந்த இனம் நீண்ட நாள் பட்டினி கிடக்கும். அதனாலேயே என் வாய் அடைந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் மகள் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வந்து சூடான பக்கத்தில் வைத்தாள். 43 டிகிரி! இந்தப் பாம்புக்குச் சூடான பக்கம் 31, 32 இருக்கவேண்டும், குளிர்ந்த பக்கம் 25 சுற்றி. அது சூட்டுக்கும் குளிருக்குமாக மாறி மாறிப் போய்த்தான் தன் உடம்பைச் சரிசெய்துகொள்ளும். எங்கள் முள் தெர்மாமீட்டர் முதல் நாளிலிருந்து 30 காட்டிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அவன் அதை ஒட்டியிருந்தது குளிர்ந்த பக்கத்து மூலையில். முறுக்குக்குக் குளிக்கப் பிடிக்கவில்லை, வெந்துகொண்டிருந்தது.

தெர்மோஸ்டாட்டை 25க்குத் திருப்பினேன். ஹீட்டர் அணையவே இல்லை. மறுபடியும் போன். இந்தமுறை முதலாளி. "மலிவான தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். புது ஹீட்டர், செட்டாகக் கொஞ்ச நாள் எடுக்கும்." வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள்" என்று பதில். அடுத்த இரண்டு செய்திகளுக்கும் நீல டிக் மட்டும்.

வேறு வழி தெரியாமல் கையாலேயே போட்டு அணைக்க ஆரம்பித்தோம். ராத்திரி அணைத்தால் பெட்டிக்குள் 18க்கு இறங்கிவிடும். அதனால் விடிகாலை ஐந்து மணிக்கு நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் என் கணவர் சுவிட்சைப் போடுவது என்று ஏற்பாடு. பதினாறாம் நாள் அப்படித்தான் போட்டார். முறுக்கு அந்த ஹீட்டரைச் சுற்றிக்கொண்டு கிடந்தது அந்த இருட்டில் அவருக்குத் தெரியவில்லை. அணைத்த பிறகும் பெட்டிக்குள் கொஞ்சமாவது வெதுவெதுப்பு மிஞ்சியிருந்த இடம் அதுதானே. செராமிக் ஹீட்டரில் வெளிச்சமே வராது, ஆனால் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும். எலியின் உடல்சூட்டை இருட்டிலும் கண்டுபிடிக்கிற குழிகள் இதன் உதட்டோரம் இருக்கின்றன. ஆனால் தன் தோல் கருகும்போது விலகத் தெரியாது. ஆறரைக்கு மகள் எழுந்து பார்த்து அலறினாள். விலாப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குச் செதில் பழுப்பாகி உரிந்து தொங்கியது.

என் கணவர் அன்றிலிருந்து அந்தப் பெட்டிப் பக்கம் போவதில்லை. எவ்வளவு சொன்னாலும் "சுவிட்சைப் போட்டது நான்தானே" என்கிறார்.

ஊர்வன பார்க்கும் டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி. ஹீட்டருக்குக் கம்பிக்கூண்டு இருந்ததா? என்ன வகைத் தெர்மோஸ்டாட்? கூண்டு என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். 15 பவுண்டு வருமாம். தெர்மோஸ்டாட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். பொடி எழுத்தில், ஹீட் மேட்டுக்கு (சூடேற்றும் பாய்க்கு) மட்டும், அதிகபட்சம் 100 வாட். நாங்கள் மாட்டியிருந்தது 150! மேல்வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைத் திறந்து காட்டினார்: உள்ளே தொட்டும் பிரிந்தும் மின்சாரத்தை விட்டு நிறுத்தும் உலோக முனைகள் தாங்கமுடியாத பளுவில் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. இனி என்ன திருப்பினாலும் அது அணையாது. செராமிக் ஹீட்டருக்கு மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அளந்து கொடுக்கும் பல்ஸ் தெர்மோஸ்டாட் போடவேண்டும், வெளிச்சம் வரும் பல்பு என்றால் டிம்மிங் வகை. கடையில் வேலை செய்கிறவனுக்கு இது தெரியாதா?

யூவி டியூபும் பழசு. இரண்டு முனையும் கறுத்திருந்ததை இப்போதுதான் கவனித்தேன். டியூப் எரிந்துகொண்டே இருக்கும், வெளிச்சம் குறைந்தது கண்ணுக்குத் தெரியாது, யூவி இறங்கிப்போயிருக்கும், அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். "புத்தம் புதுசு அக்கா" என்று சொன்ன அதே டியூப். சிவப்பு பல்பு பற்றி டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். பாம்புக்குச் சிவப்பு தெரியாது என்பது கடைக்காரர்கள் கதை. பகலில் 12 மணி நேரம் வெளிச்சம், ராத்திரி கும்மிருட்டு, அவ்வளவுதான்.

வலிக்கு ஊசி, சில்வர் சல்ஃபாடயாசின் களிம்பு, பெட்டியில் மரத்தூளுக்குப் பதில் வெள்ளைப் பேப்பர். இதுவரை 286 பவுண்டு. அந்த 430ஐயும் சேர்த்தால் 716. பல தடவை சட்டை உரித்தால்தான் தோல் தேறுமாம், மாதங்கள் ஆகும்.

நேற்று, பத்தொன்பதாம் நாள், எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு கடைக்கே போனேன். பையன் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். "முதலாளியோட கதையுங்கோ அக்கா." அவ்வளவுதான் அவன் தமிழ். உன் பாம்புக்கும் இதே செட்தானா என்று கேட்டேன். பதில் இல்லை. முதலாளி முதலில், மின்பொருளைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்கமாட்டோம் என்றார். பிறகு, நீங்கள்தான் தப்பாக மாட்டியிருப்பீர்கள் என்றார். அன்று கடையிலேயே அவன் மாட்டி முடித்ததும் மகள் எடுத்த படத்தைக் காட்டினேன். கூண்டு இல்லை, அதே தெர்மோஸ்டாட். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, இந்தத் தெர்மோஸ்டாட் எங்கள் கடைப் பொருளே இல்லை, ரசீதில் எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்றார்! அப்புறம் ஒரு சிரிப்பு: "பாம்புதானே, புதுசு ஒன்று 60 பவுண்டுக்குத் தருகிறேன்." மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

விளக்கமாக ஆலோசனை எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. கம்பிக்கூண்டு இல்லாமல் பெட்டிக்குள் எந்த ஹீட்டரும் பல்பும் வேண்டாம். தெர்மோஸ்டாட்டின் பின்பக்கத்து வாட் எண்ணை ஹீட்டரின் வாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வையுங்கள், பாம்பைக் குடிவைப்பதற்கு முன்பே இரண்டு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். ரசீதில் ஒவ்வொரு பொருளும் எழுதி வாங்குங்கள். பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்யாதீர்கள். இங்கே 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு கம்பெனியும் பொறுப்பு. 20 பவுண்டுக்காக நான் அதை விட்டேன். பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பினால் முழுப் பணமும் தரவேண்டும் என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது, பிரித்தாயா மாட்டினாயா என்ற சாக்கு பழுதுக்குச் செல்லாது. இன்று காலை இதை எழுதி, 14 நாள் கெடு வைத்து மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். 430க்கு மட்டுமில்லை, 716க்கும். பதில் வராவிட்டால் சின்ன வழக்குகளுக்கான கோர்ட்.

எங்களுக்கு விற்ற அதே அளவுச் செட் ஒன்று நேற்றும் வாசல் பக்கம் நின்றது, கூண்டு இல்லாமல். 450 என்று சீட்டு ஒட்டியிருந்தது.

களிம்பு போடும் நேரம் ஆகிவிட்டது, மகள் கூப்பிடுகிறாள்.