எல்டி1 விளக்கு: சித்திக்கு வாங்கித் தரலாமா?

சித்தப்பா மகன் கேட்டிருந்தான்: “அண்ணா, உங்கள் வீட்டில் இருக்கும் அந்த விளக்கின் விலை இறங்கியிருக்கிறது. அம்மாவுக்கு ஒன்று வாங்கிவிடட்டுமா?” சில ஆண்டுகளாக வீட்டில் புழங்கும் பொருள்தான், ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

மேசையில் நிற்கும் விளக்கு, 18650 என்ற அளவிலான நான்கு லித்தியம் பேட்டரிகள், எட்டு எல்இடிகள், ஒரே ஒரு பொத்தான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பி.எல்.எஃப் எல்டி1 உருவான கதைதான் தெரியாது. பி.எல்.எஃப் என்பது பட்ஜெட்லைட்ஃபோரம் என்ற இணைய மன்றம். அங்கே டார்ச் விளக்குகள் மீது பித்துக்கொண்ட ஆர்வலர்கள் சிலர், சம்பளம் எதுவும் வாங்காமல், தங்களுக்குள் பேசி வடிவமைத்தது இது. மாதிரிகளைச் சோதித்தார்கள், குறைகளைச் சொல்லித் திருத்தினார்கள். ஒரு சீன நிறுவனம் அதைத் தயாரித்து 2019-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2017-இல் வந்த க்யூ8 டார்ச்சும் இதே வழியில் பிறந்ததுதான். நிறுவனத்தின் கணக்கு மட்டும் முடிவு செய்திருந்தால் இந்த விலையில் இப்படியொரு வெளிச்சம் நமக்குக் கிடைத்திருக்காது.

வெளிச்சத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். எட்டு எல்இடிகளும் சாம்சங்கின் எல்எச்351டி. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். அவற்றில் நான்கு 2700 கெல்வின், அதாவது பழைய குண்டு பல்பின் மஞ்சள். மற்ற நான்கு 5000 கெல்வின், நடுப்பகல் வெள்ளை. விளக்கு எரியும்போது பொத்தானை இரண்டு முறை தட்டி, மூன்றாவது முறை அழுத்திப் பிடித்தால் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் இடையே நிறம் மெல்ல நகரும். பிடித்த இடத்தில் விரலை எடுத்துவிடலாம். பொருள்களின் நிறத்தை ஒளி எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று நூற்றுக்குச் சொல்லும் அளவு சிஆர்ஐ. எல்லா எல்இடிகளும் 90 சிஆர்ஐ தரம் என்பதால் பொருள்களின் நிறம் சாயம் போவதில்லை.

இதன் அருமை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெரிந்தது. மடிப்பாக்கத்தில் எங்கள் தெரு முழுவதும் இருட்டு. அம்மாவின் இரவு மாத்திரைகளில் ஒன்று வெளிர் ரோஜா, மற்றொன்று வெளிர் மஞ்சள். பழைய எமர்ஜென்சி விளக்கின் நீலம் பாய்ந்த வெளிச்சத்தில் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். மலிவான வெள்ளை எல்இடியில் நீலம் தூக்கலாகவும் சிவப்பு குறைவாகவும் இருப்பதுதான் காரணம். எல்டி1-ஐ அருகே கொண்டுவந்ததும் ரோஜா ரோஜாவாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் பிரிந்து நின்றன. வெளிச்சம் எத்தனை லூமன் என்று பார்த்து விளக்கு வாங்குகிறோமே, அந்த எண் இதைச் சொல்லாது. மழை விட்ட மாலைகளில் ஈசல் மொய்க்கும்போது மஞ்சள் பக்கம் திருப்பினால் கூட்டம் குறைகிறது. நீலம் குறைந்த ஒளி பூச்சிகளை அவ்வளவாக இழுப்பதில்லை.

பேட்டரிகள் பக்க இணைப்பில் (பேரலல்) இருப்பதால் நான்கும் இல்லாவிட்டால் ஒன்றே ஒன்றைப் போட்டும் எரிக்கலாம். நேரம் மட்டும் குறையும். ஆனால் தீர்ந்த பேட்டரியையும் நிறைந்த பேட்டரியையும் சேர்த்துப் போடக்கூடாது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் கட்டுப்பாடின்றிப் பாயும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய பேட்டரிகளின் உறையில் கொள்ளளவு 9,900 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தது. கையில் எடுத்ததுமே காலி டப்பாபோல் கனமில்லாமல் இருந்தன. இந்த அளவுப் பேட்டரியில் நல்ல நிறுவனங்களே 3,500 எம்ஏஎச் சுற்றித்தான் தருகின்றன. நெருப்போடு சம்பந்தப்பட்ட பொருளில் இப்படிப் பொய் அச்சிடுகிறவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்தப் பொத்தான். உள்ளே ஓடும் நிரலின் பெயர் அண்டுரில். அதுவும் ஆர்வலர் உழைப்பு. மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. 8 கிலோபைட் இடமுள்ள ஒரு சில்லுக்குள் இவ்வளவையும் அடக்கிய திறமையை நான் மதிக்கிறேன். அணைந்திருக்கும்போது மூன்று தட்டுத் தட்டினால் பேட்டரியின் மின்னழுத்தத்தைச் சிமிட்டிக் காட்டும்: மூன்று சிமிட்டல், இடைவெளி, ஒன்பது சிமிட்டல் என்றால் 3.9 வோல்ட். அழகான யோசனை. நான்கு தட்டினால் பூட்டிக்கொள்ளும். பிறகு அழுத்திப் பிடிக்கும்வரை மட்டும் மினுக்கென்று ஓர் ஒளி. என்னிடம் உள்ள பழைய பதிப்பில் ஐந்து தட்டினால் இன்னும் மோசம்: விரல் பொத்தானில் இருக்கும்வரைதான் எரியும், அதிலிருந்து வெளியே வர பேட்டரி மூடியைத் திருகி இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, விரல் நடுங்கும். ஒருமுறை தட்ட நினைத்தால் நான்கைந்து தட்டு விழும். மின்சாரம் போன ஓர் இரவில், நான் வீட்டில் இல்லாதபோது, விளக்கு செத்துவிட்டது என்று நினைத்து இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பேட்டரி நிறைவாக இருந்தது, விளக்கில் ஒரு பழுதும் இல்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

பூட்டு வசதி டார்ச்சுக்கு வேண்டும். சட்டைப்பையில் தானாக எரிந்து துணியைப் பொசுக்கிவிடும் ஆபத்து அதற்கு உண்டு. மேசையில் நிற்கும் விளக்குக்கு எதற்கு? கூடிப் பேசியவர்கள் எல்லோரும் டார்ச் பிரியர்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். மெழுகுவர்த்தி ஆட்டம், மின்னல் வெட்டு, சைக்கிள் சிமிட்டல் என எல்லாம் அந்த ஒரே பொத்தானுக்குள் போய்விட்டன. வயதானவர் ஒருவரும் அந்தப் பேச்சில் இல்லை.

குறையை அவர்களே உணர்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அண்டுரிலின் இரண்டாம் பதிப்பில் எளிய முறை ஒன்று இருக்கிறது. அதில் ஐந்து தட்டு வம்பு இல்லை. பத்து முறை தட்டி, பத்தாவதை அழுத்திப் பிடித்தால்தான் சிக்கலான முறைக்குப் போகும். நல்ல திருத்தம். ஆனால் நான்கு தட்டுப் பூட்டு எளிய முறையிலும் அப்படியே இருக்கிறது.

அதனால் தம்பி, சித்திக்கு இது வேண்டாம். ஆன், ஆஃப் மட்டும் உள்ள விளக்காக, பெட்டியில் 90 சிஆர்ஐ என்றும் 2700 அல்லது 3000 கெல்வின் என்றும் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கிக் கொடு. விலை இறங்கியது நல்லதாயிற்று. எங்கள் சமையலறைக்கு இன்னொரு எல்டி1 வாங்கப்போகிறேன்.