பாலாடையா, பாட்டிலா?

வேலைக்குத் திரும்ப வேண்டிய அம்மாக்கள் பலர், பிள்ளை பிறந்த இரண்டாம் வாரமே பாட்டிலைப் பழக்கப் பார்க்கிறார்கள். "இப்பவே பழக்கலைன்னா அப்புறம் வாயிலயே வாங்காது" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு வரும் பயம் அது. அவ்வளவு அவசரம் வேண்டாம்.

முதல் மாதத்தில் பீய்ச்சி எடுத்த பாலைக் கொடுக்க வேண்டி வந்தால் நான் பாலாடையைத்தான் சொல்வேன்; குழந்தைக்குப் பால் புகட்டும், மூக்கு வைத்த சின்னப் பாத்திரம் அது. குறைமாதக் குழந்தைகளுக்கு நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் அதில்தான் புகட்டுகிறார்கள். சப்பும் வேலையே இதில் இல்லை என்பதால் மார்பில் குடிக்கும் பழக்கம் கெடாது. மூலை முடுக்கு இல்லாத பாத்திரம், கழுவிக் கொதிக்க வைப்பதும் சுலபம். ஆனால் புகட்டுபவருக்குப் பொறுமை வேண்டும். பிள்ளையைத் தலை உயர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்க்க வேண்டும். விழுங்கிய பிறகுதான் அடுத்தது. மடமடவென்று ஊற்றினால் புரையேறிவிடும். மூன்று மாதம் ஆனதும் பிள்ளை கையால் தட்டிவிடும், பாதிப் பால் துணிக்குப் போகும்.

நாள் முழுக்க அம்மா வெளியே இருக்கும் வீட்டில் பாட்டில்தான் கைகொடுக்கும். மார்பில் பால் இறங்கும்வரை பிள்ளை வாயை அகலத் திறந்து சப்பிக் காத்திருக்க வேண்டும். பாட்டிலில் உடனே வந்துவிடும். அந்த வேகம் பழகிய சில பிள்ளைகள் மார்பில் பொறுமை இழந்து அழும். அதனால் தாய்ப்பால் நன்றாக ஊறி, பிள்ளை ஒழுங்காகக் குடிக்கத் தொடங்கிய பிறகு, ஏறக்குறைய நான்கு வாரம் கழித்துப் பாட்டிலை எடுக்கலாம். மெதுவாகப் பால் வரும் நிப்பிள் வாங்குங்கள். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, பாட்டிலைக் கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் பிடித்து, நடுநடுவே நிறுத்திக் கொடுங்கள். முதலில் அப்பாவோ பாட்டியோ கொடுப்பது நல்லது. அம்மாவின் வாசம் பக்கத்தில் இருந்தால் சில பிள்ளைகள் பாட்டிலைத் தொடாது. பிள்ளை பாட்டிலில் குடிக்கும் வேளையில் அம்மா பாலைப் பீய்ச்சி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுரப்பு குறையும்.

பாட்டிலில் எனக்குப் பெரிய கவலை சுத்தம்தான். நிப்பிள், வளையம், மூடி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து, பிரஷ்ஷால் தேய்த்து, 5 நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். பால் பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதையே இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

எதில் கொடுத்தாலும் பாலைப் பாதுகாப்பது ஒரே மாதிரிதான். 25 டிகிரிக்குள் இருந்தால் 4 மணி நேரம் வெளியில் தாங்கும். நம் வெயிலுக்கு நேராக ஃபிரிட்ஜ்தான். அங்கே 4 நாள் வரை வைக்கலாம். அடுப்பில் காய்ச்ச வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து எடுத்தால் போதும்.

பாட்டிலே வாங்காமல் தப்பிக்கவும் வழி உண்டு. பேறுகாலப் பலன் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களில் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் பேறுகால விடுப்பு. பெரும்பகுதியைப் பிரசவத்துக்குப் பிறகு எடுத்தால், வேலைக்குப் போகும்போது பிள்ளைக்கு ஆறு மாதம் நெருங்கியிருக்கும். அந்த வயதில் சின்ன டம்ளரிலேயே மடக்கு மடக்காகக் குடிக்கப் பழக்கலாம். விடுப்பே கிடைக்காத வேலையில் இருப்பவர்கள்தான் பாட்டிலை நம்ப வேண்டியிருக்கிறது. அவர்கள் வேலைக்குப் போகும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே, பிள்ளைக்கு அரைப்பசி இருக்கும் வேளையில், நாளுக்கு ஒரு முறை கொடுத்துப் பழக்கினால் போதும்.