ஆறா, மேளகர்த்தா ராகமா? சொந்த மென்பொருள் புராஜெக்ட்டுகளுக்குப் பெயர்
வைகை, பாலாறு, நொய்யல்: ஆற்றுப் பெயர்கள் சின்னவை, கட்டளை அடிக்கும் டெர்மினலில் சட்டென்று அடிக்கலாம். ஆனால் கிட்ஹப் தளத்தில் கோடு வைக்கும் ரெப்போவின் பெயரில் தமிழ் எழுத்து ஏறாது. ஆங்கிலத்தில் எழுதினால், காவிரிக்கே 'கே'யில் ஒன்று, 'சி'யில் ஒன்று என இரண்டு எழுத்துக்கூட்டல். போதாததற்கு 2014இல் வந்த ஏஎம்டி சிப்பின் குறிப்பெயரும் காவேரிதான். தேடினால் அதுவும் வந்து நிற்கும்.

கர்நாடக இசையின் தாய் ராகங்களான மேளகர்த்தாவில் 72 பெயர்கள் உண்டு. எழுத்துகளுக்கு எண் தரும் கடபயாதி முறையில், பெயரின் முதல் இரண்டு எழுத்துகளின் எண்களைத் திருப்பிப் போட்டால் வரிசை எண்: கனகாங்கி 1, மேசகல்யாணி 65. எத்தனையாவது புராஜெக்ட் என்று பெயரே சொல்லிவிடும். குறை, நீளம். தீரசங்கராபரணத்தை யார் தினமும் அடிப்பது? சுருக்கும்போது முன்பக்கம் கை வைக்காதீர்கள். வரிசை எண் 29ஐத் தருவதே அந்தத் 'தீர'தான். 'தீரசங்' என்று அலியாஸ் (சுருக்கப் பெயர்) போடுங்கள். பத்துப் புராஜெக்ட்டுக்குள் முடியும் என்றால் ஆற்றுப் பெயர்களே போதும்.