மோட்டார் தொட்டில் வாங்கலாமா? நாலு மாதம் ஆட்டிப் பார்த்தவள் சொல்கிறேன்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஸ்டாண்டுக்கு ஒன்று, ஸ்பிரிங்குக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று. மோட்டாருக்குக் கொடுத்ததுகூட நான் நிம்மதியாக உட்கார்ந்து சோறு தின்ன முடிந்த நாட்களை நினைத்துத்தான்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, கொழிஞ்சாம்பாறைக்கு வந்திருந்தேன். பாலக்காடு ஜில்லா என்று பெயர், வீட்டிலும் கடையிலும் பேசுவதெல்லாம் தமிழ்தான். பழைய ஓட்டு வீடாக இருந்திருந்தால் விட்டத்தில் சேலையைக் கட்டித் தூளி போட்டிருப்பார்கள், வேலை முடிந்தது. இப்போது காங்கிரீட் வீடு, தளம் போடும்போது கொக்கி வைக்க மேஸ்திரி மறந்துவிட்டார், அப்பாவும் கவனிக்கவில்லை. அதனால் பொள்ளாச்சியில் ஒரு கடையில் ஸ்டாண்ட், ஸ்பிரிங், துணி, மோட்டார் எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய்க்கு வாங்கினோம்.

பாப்பாவின் ராத்திரி அழுகை ஐந்தாவது வாரத்தில் ஆரம்பித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் சிணுங்குவாள், பத்து மணிக்கு வீறிடுவாள், ஒரு மணி வரைக்கும் நிற்காது. பால் குடித்திருப்பாள், ஏப்பம் விட்டிருப்பாள், துணி நனைந்திருக்காது, உடம்பும் சுடாது. அம்மா உரை மருந்து உரைக்கக் கல்லை எடுத்துவிட்டார், பக்கத்து வீட்டு அக்கா கிரைப் வாட்டர் பாட்டிலோடு வந்துவிட்டார். நல்ல வேளையாக பிறந்த 42ஆம் நாள் குழந்தையைப் பார்க்க வருகிற ஆஷா சேச்சி (வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர்) அன்றைக்கு வந்தார். கல்லைப் பார்த்ததும் "ஆறு மாசம் முலைப்பால் மாத்ரம் மதி" என்று மலையாளத்தில் சொன்னார், தாய்ப்பால் மட்டும் போதும், வெந்நீர்கூட வேண்டாமாம். இந்த அழுகை ஆறு வாரத்தில் உச்சிக்குப் போகும், மூன்று நாலு மாதத்தில் தானாக இறங்கிவிடும், ஆனால் காய்ச்சலோ, பால் குடிக்காமல் கிடப்பதோ, பச்சையாக வாந்தியோ இருந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். அம்மாவுக்கு இரண்டு நாள் வருத்தம், கல் மட்டும் திரும்ப அலமாரிக்குப் போய்விட்டது.

சரி, மோட்டார். மேல் கம்பியில் மாட்டுகிற கைப்பிடி அளவுப் பெட்டி, அதிலிருந்து தொங்கும் ஸ்பிரிங்கை இழுத்து விடும். வேகம் மூன்று. ஒன்றில் வைத்தால் தொட்டில் அசைவதே தெரியாது, மூன்றில் வைத்தால் எங்கள் காவித் தரையில் ஸ்டாண்டே நகர்கிறது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு அம்மா, "ஏனம்மிணி, இது ஆட்டுதா, உலுக்குதா?" என்றார். அப்புறம் மூன்றைத் தொடவே இல்லை, இரண்டுதான், கால்களுக்கு அடியில் பழைய சாக்கை மடித்துப் போட்டோம். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் ஒரு 'டக்'. பகலில் காதில் விழாது, ராத்திரி ஒரு மணிக்கு அது ஒன்றுதான் வீட்டில் கேட்கும்.

தூங்க வைக்கிறதா என்றால், வைக்கிறது. பத்து நிமிஷத்தில் கண் சொக்கும். ஆனால் டைமர் 30 நிமிஷம்தான், அது நின்ற கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்துவிடுவாள். ஆடி மாதம் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, மோட்டாரில் பேட்டரியும் கிடையாது.

இன்னொரு பெரிய குறை, அதே பெட்டியில் 'உஷ்ஷ்' என்று மழை மாதிரி ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள். யோசனை நல்லதுதான், வயிற்றுக்குள் கேட்ட இரைச்சல் மாதிரி இருப்பதால் குழந்தைகள் அடங்குவார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைகள் இருக்கிற அறைக்கே 50 டெசிபல்தான் வரம்பு, சத்தம் வருகிற பொருளை எட்ட வைக்க வேண்டும் என்கிறார்கள், இவர்களோ தலைக்கு ஒன்றரை அடி மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். குறைக்கப் பொத்தானும் இல்லை. நான் அதை ஒரேயடியாக அணைத்துவிட்டேன்.

உண்மையில் எங்களைக் காப்பாற்றியது வேறு. ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிலையத்தார் 2022இல் 21 குழந்தைகளை வைத்துப் பார்த்ததை என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஐந்து நிமிஷம் நடக்க வேண்டும், தூங்கியதும் உடனே கீழே போடாமல் ஐந்திலிருந்து எட்டு நிமிஷம் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், அப்புறம்தான் படுக்க வைக்க வேண்டும். நான் செய்துகொண்டிருந்த தப்பு அங்கேதான் இருந்தது, கண் மூடியதுமே இறக்கிவிடுவேன், முதுகு படுக்கையில் படும் முன்னே விழித்துக்கொள்வாள். இப்போது வாசலுக்கும் கொல்லைக்கும் நடை, பிறகு நாற்காலி. இறுக்கி வைத்திருக்கும் கைவிரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து உள்ளங்கை மல்லாந்து விழும், அதுதான் எனக்கு அடையாளம். எல்லா நாளும் பலிக்காது, பத்தில் ஆறு நாள் பலித்தது, அந்த ஆறு எனக்குப் பெரிது. அம்மா கேட்டுவிட்டு, "தோளில போட்டு நடன்னு நான் சொன்னப்போ கேக்கலை, ஜப்பான்காரன் சொன்னாத்தான் கேப்பியா?" என்றார்.

கடைக்காரர் சொல்லாத ஒன்று. துணித் தொட்டிலில் குழந்தை வில் மாதிரி வளைந்து படுக்கும், தாடை நெஞ்சில் பட்டால் மூச்சு முட்டும். தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள் என்றுதான் குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள். அதனால் ஆள் பக்கத்தில் விழித்திருக்கும்போது மட்டும் தொட்டில், தூங்கியதும் மெத்தை, தலையணை கிடையாது. விடியவிடிய ஆட்டிக்கொண்டே இருக்கும் என்ற நினைப்பில் வாங்காதீர்கள். இப்போது பாப்பா குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள், ஆக எங்களுக்குத் தொட்டில் ஏறக்குறைய முடிந்தது.

ஸ்பிரிங்கைப் பற்றிக் குறையில்லை, மாதம் ஒரு முறை கொக்கியும் வளையமும் தேய்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தால் போதும். மோட்டாரின் அடாப்டர் மூன்றாவது மாதமே போய்விட்டது. கடையில் கேட்டால் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்கிறார்கள், அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. அதுவரை அம்மா ஒரு கயிற்றைத் தொட்டிலில் கட்டி, மறு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு பூண்டு உரிக்கிறார். 12 வோல்ட், முனை மெல்லிய குச்சி மாதிரி இருக்கும் அடாப்டர், பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ தனியாகக் கிடைத்தால் யாராவது சொல்லுங்கள், தங்கச்சிக்குக் கார்த்திகையில் பிரசவம், அவளுக்குக் கொடுக்க வேண்டும்.