எட்டுப் பேருக்கு ஓர் ஊசி முனை: ஒரு 43 அங்குல டிவியும் ஐந்து மாத ஸ்கிரீன் மிரரிங் அனுபவமும்

காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது முகப்பைத் தாண்டிய உட்பகுதியில், குடியிருந்துகொண்டு ஆரி என்ற பூத்தையல் வேலை கற்றுக்கொடுக்கிறேன். ஒரு வகுப்புக்கு எட்டுப் பேர். ஆரியில் கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டியது மிகச் சிறிய விஷயம். முனையில் கொக்கி உள்ள ஊசி துணிக்குள் இறங்கும். பிரேமுக்கு அடியில் இடது கை நூலை அந்தக் கொக்கியில் மாட்டும். ஊசியைச் சற்றே திருப்பி மேலே எடுத்தால் ஒரு கண்ணி வரும். திருப்பாமல் இழுத்தால் கொக்கி துணியில் மாட்டிக்கொண்டு பட்டு இழை பிரிந்துவிடும். அந்தத் திருப்பலைப் பார்க்க எட்டுப் பேரும் என் தோளைச் சுற்றி நின்றால், முன்னால் நிற்கும் இருவருக்குத்தான் ஊசி தெரியும். மற்றவர்களுக்கு என் முழங்கைதான் தெரியும்.

செல்போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டிப் பிரேமுக்கு நேர் மேலே நிறுத்தி, கேமராவைத் திறந்து, அந்தப் படத்தை அப்படியே டிவியில் காட்டுவது என்று முடிவு செய்ததற்கு இதுதான் காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்தத் தீபாவளிக்கு 43 அங்குல டிவி ஒன்றை 26,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். படம் நன்றாக இருக்கிறது. அரக்கு நிறப் பட்டில் அதைவிட ஒரு சாயல் அடர்ந்த நூலால் போட்ட சங்கிலித் தையல்கூடத் தனியாகத் தெரிகிறது. நான் எழுத வந்தது படத்தின் தரத்தைப் பற்றி அல்ல. செல்போனிலிருந்து அந்தத் திரைக்குப் படம் போய்ச் சேர நான் பட்ட பாட்டைப் பற்றி.

கடையில் கேட்டபோது, "எந்த செல்போனாக இருந்தாலும் சேரும் மேடம்" என்றார்கள். அட்டைப் பெட்டியிலும் 'ஸ்கிரீன் மிரரிங்', அதாவது செல்போன் திரையை அப்படியே டிவியில் காட்டுவது, என்றுதான் அச்சிட்டிருந்தது. அந்த ஒரே பெயருக்குள் தனித்தனி வழிகள் இருக்கின்றன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மிராகாஸ்ட் என்பது 2012இல் வந்தது. அதில் செல்போனும் டிவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும், நடுவில் ரவுட்டர் தேவையில்லை. கூகுள் காஸ்ட் வேறு. அதில் யூடியூப் வீடியோவை அனுப்பினால் செல்போன் படத்தை அனுப்புவதில்லை, எந்த வீடியோ என்று மட்டும் டிவியிடம் சொல்கிறது. டிவி தானே இணையத்திலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். முழுத் திரையையும் காஸ்ட் வழியாகக் காட்டலாம், ஆனால் அந்தப் படம் வீட்டு ரவுட்டரைச் சுற்றித்தான் வரும். ஆப்பிளின் ஏர்பிளே இன்னொரு வழி. ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது. கூகுளின் பிக்சல் போன்களிலும் இல்லை. ஆகவே 'எந்த செல்போனும்' என்பது சரியான பதில் அல்ல. எந்த செல்போன், எந்த வழி, எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

முதல் நாள் காஸ்ட் வழியாகத்தான் முயன்றேன். ரவுட்டர் முகப்பில் இருக்கிறது, வகுப்பு நடப்பது இரண்டாம் கட்டில். இந்த வீட்டுச் சுவர்களின் கனம் இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். வெயில் உள்ளே வராது, வைஃபையும் வராது. அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4ஐவிட வேகமானது என்றாலும் சுவரைத் தாண்டுவதில் அதற்குப் பின்னால்தான். என் கைக்கும் டிவிக்கும் இடையே ஆறடிதான் தூரம். ஆனால் படம் இரண்டு சுவர்களைத் தாண்டி முகப்புக்குப் போய், மறுபடி அதே சுவர்களைத் தாண்டித் திரும்பி வந்தது. ஊசி இறங்கும், படம் நிற்கும், அடுத்து அசையும்போது ஊசி மூன்று கண்ணி தள்ளிப் போயிருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு அந்த மூன்று கண்ணிதான் பாடம்.

மிராகாஸ்டுக்கு மாறினேன். என் போனில் அதன் பெயர் வேறு. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, சாம்சங்கில் ஸ்மார்ட் வியூ என்று இருக்கும். நேரடியாகத்தானே போகிறது, இனித் தடங்கல் இராது என்று நினைத்தேன். இருந்தது. சில நொடிகளுக்கு ஒருமுறை படம் கட்டம் கட்டமாக உடைந்தது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. செல்போன் டிவியோடு பேசும்போதே முகப்பில் உள்ள ரவுட்டரையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் வெவ்வேறு அலைவரிசையில் இருந்தால், போனில் உள்ள ஒரே வைஃபை ரேடியோ இங்கும் அங்குமாக மாறி மாறி ஓட வேண்டும். அது ரவுட்டர் பக்கம் திரும்பிய நேரத்தில்தான் படம் உடைந்திருக்கிறது. வைஃபையை அணைக்கக் கூடாது, அணைத்தால் மிராகாஸ்டும் போய்விடும். வைஃபை இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் வீட்டு ரவுட்டரோடு மட்டும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அன்று முதல் வகுப்புக்கு முன் இதைச் செய்கிறேன். படம் தண்ணீர் போல ஓடுகிறது.

அடுத்த மாதம் வந்த கோளாறுதான் என்னை உண்மையாகவே வருந்த வைத்தது. ஒரு சனிக்கிழமை காலை, செல்போனில் டிவியின் பெயர் தெரிகிறது, தொட்டால் 'இணைக்கிறது' என்று சுற்றுகிறது, பிறகு முடியவில்லை என்கிறது. டிவியை ரிமோட்டில் அணைத்துப் போட்டேன். ரிமோட்டில் அணைத்தால் டிவி முழுதாக அணைவதில்லை என்பதால் பிளக்கையும் பிடுங்கி, இரண்டு நிமிடம் கழித்து மாட்டினேன். பல கோளாறுகள் இதற்கே சரியாகிவிடும். இது ஆகவில்லை. சர்வீஸுக்குச் சொல்லி நாலாம் நாள் ஒருவர் வந்தார். ஏதும் கேட்காமல் டிவியை முழுவதுமாக அழித்து, வாங்கிய நிலைக்குக் கொண்டுவந்தார். இணைந்தது. "மறுபடி வந்தால் போர்டு மாற்ற வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் மறுபடி வந்தது.

அன்று இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து டிவியின் அமைப்புகளை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். வெளிச் சாதனங்களுக்கான பகுதியில், உள்ளே, அதற்கும் உள்ளே, ஒரு பட்டியல் இருந்தது. அதில் என் செல்போனின் பெயரும், அதற்கு எதிரே 'மறுக்கப்பட்டது' என்ற குறியும். அப்போதுதான் புரிந்தது. படம் வரும்போது டிவியின் மூலையில் 'இந்தச் சாதனத்தை அனுமதிக்கலாமா' என்று ஒரு சிறு கட்டம் வரும். ரிமோட்டை வைத்திருந்த பெண், அது ஊசியை மறைக்கிறது என்று 'மறு' என்பதை அழுத்தியிருக்கிறாள். அவள் மீது ஒரு தவறும் இல்லை. ஒருமுறை மறுத்தால் டிவி அதை நினைவில் வைத்துக்கொள்கிறது, மறுபடி கேட்பதே இல்லை. ஏன் இணையவில்லை என்று ஒரு வரிகூடத் திரையில் சொல்வதில்லை. பட்டியலில் குறியை மாற்றினேன், பத்து நொடியில் இணைந்தது. இதற்காக ஐந்து வகுப்புகள் நின்றன. தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஆளுக்கு இந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்காதது பெரிய குறை. போர்டு கெட்டுவிட்டது என்று நம்பிப் பணம் கொடுக்கிறவர்களும் இருப்பார்கள்.

தாமதம் என்று ஒன்று இருக்கிறது, அதை முழுவதும் போக்க முடியாது. செல்போன் தன் திரையைச் சுருக்கி அனுப்ப வேண்டும், டிவி அதை விரித்துக் காட்ட வேண்டும். என் கண்ணுக்கு அது அரை நொடிக்குச் சற்றுக் குறைவாகத் தெரிகிறது. டிவியில் வீடியோ கேமுக்காக உள்ள கேம் மோடு போட்டால் கொஞ்சம் குறைகிறது. "டீச்சர், உங்கள் கை மேலே வந்த பிறகுதான் டிவியில் ஊசி இறங்குகிறது" என்று ஒரு பெண் சொன்னாள். கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தால் குழப்பம்தான். ஆகவே கற்றுக்கொடுக்கும் முறையை மாற்றினேன். குத்து, மாட்டு, திருப்பு, எடு. ஒவ்வொன்றுக்கும் வாயால் ஒரு எண்ணிக்கை சொல்லி, அங்கே ஒரு கணம் நிறுத்துகிறேன். அந்த நிறுத்தத்துக்குள் திரை வந்து சேர்ந்துவிடுகிறது. உண்மையில் முன்பைவிட இது நல்ல பாடமாக இருக்கிறது. கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கடைசி இடத்தில் உட்கார்ந்திருப்பவளே இப்போது சொல்கிறாள்.

கேமராவும் மிரரிங்கும் சேர்ந்து ஓடினால் செல்போன் சூடாகும். நாற்பது நிமிடத்தில் என் போன் ஒருமுறை தானாகவே கேமராவை மூடிவிட்டது. உறையைக் கழற்றி, வெளிச்சத்தைக் குறைத்து, வகுப்பின்போது சார்ஜ் போடாமல் வைத்தால் ஒரு மணி நேரம் தாங்குகிறது. பேட்டரி சேமிப்பு முறையை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இணைப்பு இடையில் அறுந்துபோகலாம். இன்னொன்று, 'தொந்தரவு வேண்டாம்' முறையை மறக்காமல் போட்டுவிடுங்கள். வங்கியிலிருந்து வந்த ஓடிபி எண் எட்டுப் பேர் முன்னால் 43 அங்குலத்தில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓடிடி செயலியில் ஒரு படத்தில் வரும் கல்யாண ரவிக்கையைக் காட்ட முயன்றபோது குரல் மட்டும் வந்தது, திரை கறுப்பாக நின்றது. அது கோளாறு அல்ல, நகலெடுக்காமல் இருக்க அவர்கள் வைத்திருக்கும் பூட்டு. அந்தச் செயலியை டிவியிலேயே திறந்து பார்த்துக்கொள்ளலாம். கம்பி வழியாகப் போட்டுவிடலாமே என்று 900 ரூபாய்க்கு டைப் சி முதல் எச்டிஎம்ஐ வரை ஒரு கேபிளும் வாங்கினேன். பயன்படவில்லை. நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் அந்தத் துளை சார்ஜுக்கும் கோப்பு மாற்றவும் மட்டும்தான், படத்தை வெளியே அனுப்பாது. என் போனும் அப்படித்தான். கேபிள் வாங்கும் முன் போனின் விவரத்தில், அந்தத் துளை வழியாகப் படத்தை வெளியே அனுப்பும் டிஸ்பிளே போர்ட் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

டிவிக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், சர்வீஸுக்கு ஒன்று. இதைப் போன்ற வேலைக்கு வாங்குகிறவர்கள் உங்கள் செல்போனையே கடைக்குக் கொண்டுபோங்கள். கடையின் வைஃபையில் சேராமல் மிராகாஸ்டில் இணையுங்கள். கேமராவைத் திறந்து, உள்ளங்கையை அதன் முன்னால் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். பத்து நிமிடம் நின்று பாருங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போங்கள்.