பேப்பர், காட்டன், கோன், கோல்ட் ஏர்: டர்போ காருக்கு எந்த ஏர் ஃபில்டர்?

டர்போ பெட்ரோல் கார் வாங்கிய ஆறாவது மாதமே பானெட்டைத் திறந்து, அந்தக் கறுப்பு ஏர் பாக்ஸைப் பார்த்து, இதைக் கழற்றிவிட்டு ஒரு கோன் (பெட்டியில்லாமல் வெறுமனே நிற்கும் கூம்பு வடிவ ஃபில்டர்) போட்டால் என்ன என்று யோசித்தேன். யோசித்ததோடு நிற்கவில்லை. ஐந்து வருடத்தில் ஒரே 1.2 லிட்டர் எஞ்சினில் பேப்பர், காட்டன், ஓபன் கோன் மூன்றையும் ஓட்டியாயிற்று. நான்காவது வகையை நண்பன் காரில் பார்த்தேன். பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், சென்னையில் தினசரி ஓட்டுகிற, வார இறுதியில் கொஞ்சம் மிதிக்கிற ஆட்களுக்காக.

முதலில் ஒரு கணக்கு. 1.2 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில், டர்போவே இல்லையென்றாலும், நிமிடத்துக்கு 3600 லிட்டர் காற்றை இழுக்கும் (ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மூச்சு). விநாடிக்கு 60 லிட்டர், அதாவது வீட்டுக்கு வருகிற தண்ணீர் கேன் அளவில் மூன்று கேன். டர்போ அமுக்கித் தரும் கூடுதல் அழுத்தம், அதாவது பூஸ்ட், 1 பார் (ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) வந்தால் கிட்டத்தட்ட ஆறு. இந்தக் காற்றோடு ரோட்டுத் தூசியும் வரும், அதில் நிறைய இருப்பது சிலிக்கா, சாதாரண மணல்தான். கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அது 7. டர்போவின் அலுமினிய இறக்கைகளை முதலில் அரித்துவிட்டு, அப்புறம் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். அதனால் எவ்வளவு காற்றை விடுகிறது என்பதற்கு முன்னால், எவ்வளவு மணலை நிறுத்துகிறது என்று கேளுங்கள்.

கம்பெனியில் வருகிற பேப்பர் ஃபில்டரை எல்லோரும் மட்டமாகப் பேசுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அது மூச்சை அடைக்கிறது என்கிறார்களே, எவ்வளவு அடைக்கிறது என்று ஒருமுறை அளந்து பார்த்தோம். மேஸ்திரிகள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கிற டியூப் இருக்கிறதே, அதில் ஒரு துண்டை வாங்கி, ‘யு’ வடிவில் வளைத்து ஒரு மர ஸ்கேலில் டேப் போட்டு ஒட்டி, மை கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்கு முன்பக்கமும் மறுமுனையைப் பின்பக்கமும் செருகி, டைனோவில் (நின்ற இடத்திலேயே காரை ஓட்டிச் சக்தியை அளக்கும் மெஷின்) காரை ஏற்றி முழு த்ராட்டில் கொடுத்தோம். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் இடையே உயர வித்தியாசம் 7 செ.மீ. 10 செ.மீ. தண்ணீர் என்பது ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல், வளிமண்டல அழுத்தம் 101. அப்படியென்றால் ஃபில்டரே இல்லாமல் ஓட்டினால்கூடக் கிடைக்கப்போவது 0.7 சதவீதம், 100 குதிரைத்திறன் எஞ்சினில் முக்கால் குதிரைக்கும் குறைவு. டர்போ காரில் அதுவும் சந்தேகம்தான். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியு தனக்கு வேண்டிய பூஸ்டை எட்டும்வரை டர்போவைக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றவைத்து ஈடுகட்டிவிடும்.

பேப்பருக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. மேலே தூசி படியப் படிய, ஓர் அளவு வரை, அது இன்னும் நன்றாக வடிகட்டும். அதனால்தான் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் “ஏர் அடிச்சுக் குடுத்திருக்கேன் சார்” என்று சொல்வதை நான் விரும்புவதில்லை. அழுத்தக் காற்றில் மடிப்புகள் கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. முழுசாக அடைத்துவிட்டால் மாற்றுங்கள், ஊதாதீர்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009ல் சோதித்தபோது, இன்றைய இன்ஜெக்ஷன் கார்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை, பிக்கப்தான் குறைந்தது. பிக்கப் பிடித்தவர் புதுப் பேப்பருக்குச் சில நூறு ரூபாய் கொடுக்க யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து, அதே பாக்ஸுக்குள் உட்காரும் டிராப்-இன். இதில் எண்ணெய் தடவிய காட்டன் ஒன்று, எண்ணெய் தேவைப்படாத சிந்தெடிக் இன்னொன்று. 1969ல் கலிபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் காட்டனுக்குப் பேர்போனது, ஏஈஎம் டிரைஃப்ளோ இரண்டாவது வகை. கழுவிக் கழுவிப் பல வருடம் ஓட்டலாம் என்பதுதான் இரண்டிலும் உண்மையான லாபம். காட்டனில் வேலை கொஞ்சம் நுணுக்கம். எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும், கூடினால் உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் சூடான கம்பியில் படலமாக ஒட்டும். என் நண்பன் கழுவிய கையோடு பாட்டிலில் பாதியை ஊற்றி, காயவிடாமல் மாட்டினான். இரண்டே நாளில் ஐடில் ஆட ஆரம்பித்தது. சென்சாரைக் கழற்றிப் பார்த்தால் அந்த மெல்லிய கம்பியில் சிவப்பாக ஒரு பூச்சு. சென்சார் க்ளீனர் ஸ்ப்ரே அடித்ததும் சரியாகிவிட்டது. மேனிஃபோல்ட் அழுத்தத்தை மட்டும் பார்க்கிற மேப் சென்சார் கார்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கழுவுவதில் பொறுமை இல்லாதவர்கள் உலர் சிந்தெடிக்கே வாங்குங்கள். வாங்கும்போது, ஏர் ஃபில்டர்களுக்கான ஐஎஸ்ஓ 5011 சோதனையில் எத்தனை சதவீதம் தூசியை நிறுத்தியது என்று கேளுங்கள், எண் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

இப்போது ஓபன் கோன். சத்தம் அருமை, அதை மறுக்கமாட்டேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டர்போ பெருமூச்சு விடுகிற அந்த ஓசைக்காகவே நான் ஒன்றரை வருடம் வைத்திருந்தேன். ஆனால் அது மூச்சு இழுப்பது பானெட்டுக்குள் இருக்கிற கொதிக்கிற காற்றை. கம்பெனி ஏர் பாக்ஸோ முன் க்ரில் பக்கம் மூக்கை நீட்டி வெளிக்காற்றை எடுக்கிறது. 30 டிகிரி காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்று என்றால் அடர்த்தி 9 சதவீதம் குறைவு. ஃபில்டரில் 0.7 சேமித்து வெப்பத்தில் 9 இழப்பது எப்படிக் கட்டும்? டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் கொஞ்சம் காப்பாற்றும், ஓடும்போது சூடு கொஞ்சம் இறங்கும், ஆனால் கத்திப்பாராவில் சித்திரை வெயிலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது ஈசியு இக்னிஷனைப் பின்னுக்கு இழுப்பது, அதாவது பொறி விடுவதைத் தாமதப்படுத்திச் சக்தியைக் குறைப்பது, காலுக்கே தெரியும். கடைசியில் நான் அதைக் கழற்றியதற்குக் காரணம் வேறு. ஃபில்டருக்குப் பின்னால் பைப்பின் உட்சுவரில் லேசாக க்ரீஸ் தடவி வைத்திருந்தேன். 2000 கி.மீ. கழித்து விரலால் வழித்தெடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நறநறவென்றது. அன்று மாலையே பழைய பாக்ஸை மாட்டிவிட்டேன்.

கோல்ட் ஏர் இன்டேக் வெப்பப் பிரச்சினையைத் தீர்க்கிறது, ஃபில்டரை பம்பருக்குள் கீழே கொண்டுபோய் வைத்து. வறண்ட ஊரில், டிராக்கில் நல்ல யோசனை. டிசம்பர் 2015ஐயும் 2023ன் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னையில் நான் போடமாட்டேன். தண்ணீரை அமுக்க முடியாது. நான்கு சிலிண்டர், கம்ப்ரஷன் 10க்கு 1 என்றால் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சுகிற இடம் சுமார் 33 மி.லி., காபி டம்ளரில் கால் பங்கு. அவ்வளவு தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராட் வளையும். சுரங்கப்பாதையில் முட்டளவுத் தண்ணீரில் இறங்கிய நண்பனின் கார் அப்படித்தான் நின்றது, எஞ்சினையே இறக்கவேண்டி வந்தது.

ரீமேப் செய்த, அதாவது கூடுதல் சக்திக்காக ஈசியு மென்பொருளை மாற்றிய கார் என்றால் பேச்சு மாறும். காற்று 30 சதவீதம் கூடினால் ஃபில்டரில் தடை அதன் வர்க்கமாக, கிட்டத்தட்ட 1.7 மடங்காக ஏறும். எங்கள் 7 செ.மீ. 12 ஆகும். அப்போதும் ஸ்டேஜ் 1க்கு (டர்போ போன்ற பெரிய பாகங்களைத் தொடாத முதல் கட்ட ரீமேப்) டிராப்-இன் தாராளமாகப் போதும். பெரிய டர்போ மாற்றியவர்களுக்கு மட்டும் மூடிய பெட்டியோடு, முன்பக்கக் காற்றை எடுக்கும் இன்டேக் பரிந்துரைப்பேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று முழு த்ராட்டிலில் போகும்போது அதன் அருமை தெரியும்.

என் காரில் இப்போது ஸ்டேஜ் 1 மேப், கம்பெனி பாக்ஸ், உள்ளே உலர் டிராப்-இன். மாட்டும்போது விளிம்பு ரப்பர் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்ததா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் க்ளிப்பைப் போடுவேன். அங்கே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் எந்த ஃபில்டர் போட்டும் தூசி சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும்.